உப்பு வீட்டுப் புல்

ஆலங்களக்குடி,
கல்லல் வழி.
2 மார்ச் 2025

உதயா,

'அன்புள்ள' என்று தொடங்கப் பார்த்தேன். கை வரவில்லை. விட்டுவிட்டேன்.

உன் நம்பரை வியாழக்கிழமையே பிளாக் செய்துவிட்டேன். போனில் பேசினால் நான் கத்துவேன், நீ 'அக்கா, அக்கா' என்பாய், கடைசியில் நான் அழுவேன், விஷயம் அதோடு அடங்கிவிடும். நீ பிறந்த நாளிலிருந்து நமக்குள் எல்லாம் அப்படித்தான் அடங்கியிருக்கிறது. இது அடங்கக் கூடாது. அதனால்தான் தபால்.

வியாழன் மாலை ஐந்தரைக்கு சிவகங்கைப் பயிற்சி முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கினேன். வீட்டுக்குப் போகாமல் நேரே நம் பொட்டலுக்கு நடந்தேன். அந்த நேரத்தில் கௌதாரி கத்தும். காடைகள் குறுக்கே ஓடும். சில்லைகள் கதிரில் தொங்கி விதை தின்னும். அன்றைக்கு ஒரு சத்தமும் இல்லை. புல் முழுக்க மிதிபட்டுக் கிடந்தது. வேலி ஓரம் கிழிந்த வலை, நசுங்கிய பேப்பர் டம்ளர்கள், யாருடையதோ ஒற்றைச் செருப்பு. புல்லில் சிவப்பாக இருந்ததை யாரோ வெற்றிலை போட்டுத் துப்பியது என்றுதான் முதலில் நினைத்தேன். குனிந்து பார்த்த பிறகுதான் ரத்தம் என்று புரிந்தது.

டிராக்டர் ஓட்டுகிற கதிரவன் அந்தப் பக்கம் வந்தான். முகமெல்லாம் சிரிப்பு. "டீச்சர், இன்னைக்குப் பாத்து ஊர்ல இல்லாமப் போயிட்டீகளே! இருபத்திரெண்டு வருசம் கழிச்சு நம்மூர்ல பாரிவேட்டை. ஒங்க பொட்டல்லதான் மொத வலை. பதினோரு மொசலு!" என்றான். சிவராத்திரிக்கு மறுநாள் பொட்டல் கருப்பருக்கு என்று சொல்லி ஊரே கூடி முயல் அடிக்குமே, அது. முயல் அற்றுப்போனதால் நின்றுபோன வேட்டை. நாம் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது பார்த்தது.

அவனே போனில் வீடியோவும் காட்டினான். கம்பில் வரிசையாகக் கட்டித் தொங்கவிட்ட முயல்கள். கொட்டு. விசில். நடுவில் தலையில் பரிவட்டம் கட்டி, கழுத்தில் மாலையோடு வலைக்கயிற்றைத் தொட்டுக் கொடுக்கிறான் ஒருத்தன். 'யாருடா இந்த ஆள், நம் உதயா சாயலில் இருக்கிறானே' என்று நினைத்தேன் பார். மூன்று முறை திருப்பிப் போடச் சொல்லிப் பார்த்தேன்.

தை மாதம் நான் வழுக்கி விழுந்து கால் வீங்கிக் கிடந்தேன். ஓசூர் கம்பெனியில் ஒரு நாள்கூட லீவு கிடைக்காது என்றாய். இதற்குக் கிடைத்ததா?

நான்கு வருடம் உதயா. அப்பா போட்ட போர் கரிப்புத் தண்ணீராகக் கக்கி, நாலு ஏக்கரும் உப்புப் பூத்து, ஊரே நம்மை 'உப்பு வீடு' என்று கூப்பிட்டது உனக்கு மறந்திருக்காது. வேலிக்கருவைகூட அங்கே சோணங்கியாகத்தான் வந்தது. வடிகால் ஓரத்தில் தானாக முளைத்துக் கிடந்த உப்பறுகு என்கிற புல்லைப் பார்த்துத்தான் எனக்கு இந்த எண்ணமே வந்தது. கணுக்கணுவாக நறுக்கி, மழை ஈரத்தில் நாற்று நடுவது போல் நட்டு, முதல் வருடம் பாதிக்கு மேல் கருகி, மறுபடி நட்டு. அந்தப் புல் உப்பைக் குடித்து, இலை வழியாக வெளியே தள்ளும். விடிந்ததும் இலை நுனியில் வெள்ளையாகப் பொரிந்திருக்கும். நக்கிப் பார் என்று உன் வாயில் வைத்தேனே, தூ தூ என்று துப்பினாயே, அந்தப் புல். மூன்றாம் வருடம் பூச்சி வந்தது. பூச்சிக்குக் காடை வந்தது. போன ஆடியில் முதல் முயல் வந்தது. அன்றைக்கு உனக்குத்தான் முதலில் போன் போட்டேன்.

உன்னோடு இனிமேல் பேச மாட்டேன். இது கோபத்தில் சொல்வது இல்லை. யோசித்துத்தான் சொல்கிறேன்.

சித்ரா

&nbsp;

ஓசூர்
11 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீ எழுதாவிட்டாலும் நான் அன்புள்ள என்றுதான் எழுதுவேன். இந்தக் கடிதத்தை நாலு தடவை எழுதிக் கிழித்தாயிற்று. உன் தம்பி பெண்டாட்டி தீபலட்சுமி, 'கிழிக்கிறதுக்கு நோட்டு வாங்கிக் கட்டுப்படியாகாது, எதையாவது போட்டு அனுப்புங்க' என்று சொல்லிவிட்டாள்.

நடந்தது இதுதான். பொங்கலுக்கு வந்தபோது புல்லுக்குள் ஒரு முயல் காதைத் தூக்கி நின்றதே, அதை போட்டோ எடுத்தேன். ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். 'உப்பு வீட்டுப் பொட்டலுக்கு வந்த விருந்தாளி' என்று எழுதிப் போட்டேன். அக்கா, எனக்குப் பெருமை. அது ஒன்றுதான். நம்மைக் கேலி பேசிய ஊர் பார்க்கட்டும் என்று போட்டேன். நூற்றுக்கு மேல் கைதட்டல் பொம்மை வந்தது. ஆனால் அந்தப் போட்டோவை ஊர் வேறு மாதிரிப் பார்த்திருக்கிறது.

மாசி பிறந்ததும் ஊர்த் தலைவரான அம்பலம் முத்துவீரன் மாமா போன் செய்தார். "மாப்ள, சாமி மொசலத் திருப்பி அனுப்பிச்சிருச்சுடா. அதுவும் ஒங்க எடத்துல வந்து எறக்கி விட்டுருக்கு. நெலத்துக்காரன் பரிவட்டம் கட்டிக் கயித்தத் தொட்டுக் குடுத்தாத்தான் வல எறங்கும், அது முற. ஒங்கப்பனுக்குக் கெடைக்காதது ஒனக்குக் கெடைக்குது. வந்துரு" என்றார்.

ஒங்கப்பனுக்குக் கெடைக்காதது என்றாரே, அதில் விழுந்துவிட்டேன். அப்பா கோயில் வாசலில் எப்போதும் கடைசியில்தான் நிற்பார். திருநீற்றுத் தட்டு அவரிடம் வரும்போது காலியாக இருக்கும். நீயும் பார்த்திருக்கிறாய்.

பேருக்கு ஒரு முயல் பிடிப்பார்கள், சாமிக்குக் காட்டிவிட்டுப் பொங்கல் வைப்பார்கள் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக அவ்வளவுதான் நினைத்தேன். வலை இறங்கிய பிறகு யார் சொல்வதையும் யாரும் கேட்கிற நிலைமையில் இல்லை. எங்கிருந்தோ பக்கத்து ஊர்க்காரர்களும் நாய்களோடு வந்துவிட்டார்கள். என் கையில் ஊர் கொடுத்த கம்பு இருந்தது, அவ்வளவுதான். நான் ஓரமாக நின்றேன்.

உன்னிடம் முன்கூட்டிச் சொல்லாதது தப்பு. சொன்னால் நீ விட மாட்டாய் என்று தெரிந்துதான் சொல்லவில்லை. அதைவிடப் பெரிய தப்பு எது என்று எனக்கே தெரியும்.

பிளாக்கை எடுத்துவிடு அக்கா. கால் எப்படி இருக்கிறது?

உதயகுமார்

&nbsp;

ஆலங்களக்குடி
16 ஏப்ரல் 2025

உதயா,

கால் சரியாகிவிட்டது. பிளாக் எடுப்பதாக இல்லை.

உன் கடிதத்தைப் படித்தேன். போட்டோ போட்டது நீயா! ஒன்பதாம் வகுப்புக்கு உணவுச் சங்கிலி பாடம் நடத்துகிறேன். புல், அதைத் தின்னும் முயல், அதைத் தின்னும் நரி. அந்தச் சங்கிலியில் என் தம்பியின் போன் ஒரு கண்ணியாக இருக்கும் என்று எந்தப் புத்தகத்திலும் போடவில்லை.

வனத்துறைக்குச் சொல்ல வேண்டியதுதானே என்று பள்ளியில் கேட்கிறார்கள். முயல் வேட்டை சட்டப்படி குற்றம் என்று எனக்குத் தெரியாதா? வெள்ளைத்தாள் எடுத்து எழுதத் தொடங்கினேன். வேட்டையைத் தொடங்கி வைத்தவர் என்று முதல் வரியில் ஒரு பெயர் எழுத வேண்டும். வீடியோவில் பரிவட்டத்தோடு நிற்பவனின் பெயர். எழுத முடியவில்லை. தாள் இன்னும் மேசை டிராயரில் கிடக்கிறது. என்னை இந்த நிலைமைக்குக் கொண்டுவந்தாயே என்பதுதான் எனக்கு முயலை விடப் பெரிய ஆத்திரமாக இருக்கிறது.

ஒரு அதிசயத்தையும் சொல்ல வேண்டும். பங்குனியில் கோடை மழை இரண்டு பெய்தது. ஊர் மிதித்த மிதியில் புல்லின் கணுக்கள் எல்லாம் மண்ணுக்குள் அழுந்தியிருக்கின்றன. ஒவ்வொரு கணுவிலும் இப்போது முளை. நான் ஆள் விட்டு நட்டிருந்தால்கூட இவ்வளவு நெருக்கமாக நட்டிருக்க முடியாது. பார்க்கப் பார்க்க எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மிதித்தவர்களுக்கு நன்றி சொல்லவா?

காடை மறுபடி கத்துகிறது. முயல் ஒன்றையும் காணோம். புழுக்கை கிடக்கிறதா என்று தினமும் பார்க்கிறேன்.

ஒன்று கேட்கிறேன், நேராகப் பதில் எழுது. வலது காது நுனி கிழிந்த பெண் முயல் ஒன்று உண்டு. நான் பக்கத்தில் போனாலும் ஓடாது, சாவகாசமாக இரண்டு எட்டு தள்ளிப்போய் மறுபடி மேயும். மாசியில் வயிறு பெருத்து, குட்டி போடும் நிலையில் இருந்தது. கம்பில் தொங்கிய பதினொன்றையும் வீடியோவை நிறுத்தி நிறுத்திக் காது காதாகப் பார்த்தேன். அது அதில் இல்லை. அது ஒன்று தப்பித்துவிட்டது என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். நீ கடைசிவரை அங்கேதானே இருந்தாய். பார்த்தாயா?

சித்ரா

&nbsp;

ஓசூர்
24 மே 2025

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுத நாளாகிவிட்டது. ஷிப்ட் மாற்றிவிட்டார்கள். வெயில் வேறு.

அந்தத் தாளை எடுத்து எழுதி அனுப்பிவிடு. என் பெயரை முதல் வரியிலேயே போடு. நான் கோபித்துக்கொள்ள மாட்டேன், நிஜமாகச் சொல்கிறேன். எனக்கும் அது முடிந்தால் தேவலை என்று இருக்கிறது.

புல் திரும்பவும் வந்தது கேட்டு சந்தோஷம். மழைக்கு முன்னால் வேலியைச் சரி செய்ய வேண்டும் என்றால் சொல், நான் வருகிறேன். நீ பேச வேண்டாம், சோறுகூடப் போட வேண்டாம். வேலியைப் போட்டுவிட்டு வந்துவிடுகிறேன்.

வேறு விசேஷம் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

உதயகுமார்

&nbsp;

ஆலங்களக்குடி
12 அக்டோபர் 2025

உதயா,

ஏப்ரலில் நான் கேட்டதற்கு மே மாதக் கடிதத்தில் நீ பதில் எழுதவில்லை. கவனித்தேன். வேலிக்கு நீ வர வேண்டாம், அதை நானே போட்டுக்கொண்டேன்.

இன்று எழுதுவது உன்னிடம் ஒரு விஷயத்தைத் தெரிவிக்க. பட்டா நம் இரண்டு பேர் பெயரிலும் இருக்கிறது, அதனால் தெரிவிக்கிறேன். அனுமதி கேட்கவில்லை.

முயல்கள் திரும்ப வந்துவிட்டன. புரட்டாசியில் ஐந்தாறு பார்த்தேன், போன வாரம் அதற்கு மேல். நான் வாயே திறக்கவில்லை. ஆனால் ஊருக்குக் கண் இருக்கிறதே. நேற்று கோயில் கூட்டம். பெண்கள் போவதில்லை, எனக்கு ஆள் விட்டுக் கூப்பிட்டார்கள். ஏதோ மன்னிப்புக் கேட்கப் போகிறார்கள் என்று நினைத்துப் போனேன். என் புத்தியை என்ன சொல்ல!

முத்துவீரன் மாமா எழுந்து எல்லார் முன்னாலும் கும்பிட்டார். "டீச்சர், நீங்க புல்லு வளக்கல, சாமிக்குத் தீனி வளக்குறீக. இனிமே வருசா வருசம் பாரிவேட்ட உண்டுன்னு ஊர் முடிவு பண்ணிருச்சு. அங்குட்டு ரெண்டு ஏக்கர் கோயில் நெலமும் சும்மாதான் கெடக்கு, அதுலயும் இந்தப் புல்லப் போட்டு விடுங்க. ஆள் செலவு ஊர் பாத்துக்கிரும்" என்றார். கை தட்டினார்கள் உதயா. எனக்குச் சால்வை போர்த்தினார்கள்.

தீனி. அந்தச் சொல்தான் காதில் நின்றது. பண்ணைக் கோழிக்குப் போடுகிற மாதிரி, வெட்டுவதற்காக வளர்க்கிறேன். நான்கு வருடமாக நான் செய்தது அதுதான், எனக்குத்தான் தெரியவில்லை.

எங்கள் நிலத்தில் வேண்டாம் என்று சொன்னேன். "ஒருக்க பரிவட்டம் கட்டுன வீடு மாட்டேங்கக் கூடாது டீச்சர், சாமிக் குத்தம் ஆயிரும். ஒங்க தம்பி வரலைன்னாலும் ஒங்க வீட்டுக்காக நானே கயித்தத் தொட்டுக் குடுத்துருவேன்" என்றார். எவ்வளவு மரியாதையாகச் சொல்கிறார் தெரியுமா!

புல் இருப்பதால்தானே முயல். முயல் இருப்பதால்தானே வலை. பெருமழை பிடிப்பதற்கு முன்னால் நாலு ஏக்கரையும் உழுது, வேரோடு அள்ளிக் குவித்துக் கொளுத்தப் போகிறேன். கதிரவனிடம் டிராக்டர் சொல்லிவிட்டேன். இருபத்தேழாம் தேதி திங்கட்கிழமை. மறுபடியும் வெள்ளைப் பொட்டலாகவே கிடக்கட்டும். உப்பு வீடு என்றே கூப்பிடட்டும். உப்பைத் தேடி யாரும் வலையோடு வர மாட்டார்கள்.

உன் பங்கையும் சேர்த்துத்தான் உழுவேன்.

சித்ரா

&nbsp;

ஓசூர்
19 அக்டோபர் 2025

அக்கா,

நாளை தீபாவளி. உன் கடிதம் நேற்றுத்தான் கிடைத்தது. அவசரத்தில் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

உழாதே. காரணம் சொல்கிறேன். இதைப் படித்த பிறகு நீ என் முகத்திலேயே முழிக்காவிட்டாலும் சரி.

மார்ச்சில் நான் ஓரமாக நின்றேன் என்று எழுதினேன். பொய். பரிவட்டம் கட்டியவன்தான் முதல் அடி அடிக்க வேண்டும், அதுவரை மற்றவர்கள் கம்பை ஓங்க மாட்டார்கள். அதை எனக்கு அங்கே போன பிறகுதான் சொன்னார்கள். ஊரே சுற்றி நின்று பார்க்கிறது. கொட்டுச் சத்தத்தில் எல்லா முயலும் வலைப்பக்கம் ஓடுகிறது. ஒன்று மட்டும் ஓடவில்லை. அது என் பக்கம் வந்தது அக்கா. சாவகாசமாக வந்தது. மனிதனைக் கண்டு பயப்படத் தெரியாத முயல் அது. உன்னைப் பார்த்துப் பழகியது. அப்போது எனக்கு அதெல்லாம் தெரியாது. 'அடிடா மாப்ள' என்று பின்னால் கத்தினார்கள். அடித்துவிட்டேன்.

தூக்கிப் பார்த்தேன். காது கிழிந்திருந்தது. வயிறு அசைந்தது. அது செத்த பிறகும் கொஞ்ச நேரம் அசைந்துகொண்டிருந்தது.

பூசாரி சின்னக்கண்ணு பார்த்துவிட்டார். சூல் முயலை சாமிக்குக் காட்டக் கூடாது, அதைக் கம்பில் கட்டாதே, எடுத்துப் போய்விடு என்று காதோடு சொன்னார். துண்டில் சுற்றி எடுத்துப்போய், எல்லாரும் கோயிலுக்குக் கிளம்பிய பிறகு பொட்டலிலேயே குழி தோண்டிப் புதைத்தேன். உள்ளே மூன்று குட்டி. நான் பார்த்தேன். ஏன் பார்த்தாய் என்று கேட்காதே. அன்றைக்கே பஸ் ஏறிவிட்டேன். உன் கண்ணில் படக் கூடாது என்றுதான் ஓடினேன்.

ஏப்ரலில் நீ கேட்டாய். அது தப்பித்துவிட்டது என்று நம்புகிறேன் என்று எழுதியிருந்தாய். அந்த வரிக்கு என்னால் பதில் எழுத முடியவில்லை.

டிராக்டரை விட்டால் ஏர் அந்தக் குழியின் மேல் போகும். எனக்கு ஒரு மாதம் கொடு.

உதயா

&nbsp;

ஆலங்களக்குடி
24 அக்டோபர் 2025

உதயா,

உன் கடிதம் நேற்று வியாழக்கிழமை கிடைத்தது. இன்று பள்ளிக்குப் போகவில்லை.

என்னைப் பார்த்துப் பழகியதால்தான் அது உன்னிடம் வந்தது என்று எழுதியிருக்கிறாய். அதை எழுதாமல் இருந்திருக்கலாம்.

டிராக்டர் திங்கட்கிழமை வருகிறது.

சித்ரா

&nbsp;

ஓசூர்
28 அக்டோபர் 2025

அக்கா,

இதற்குள் உழுதிருப்பாயா, இல்லையா என்று எனக்குத் தெரியாது. கதிரவனுக்குப் போன் போட்டுக் கேட்கலாம். பயமாக இருக்கிறது, கேட்கவில்லை.

ஒன்று மட்டும் நினைவில் வைத்துக்கொள். சாவு நடந்த நாள் எதுவாக இருந்தாலும், வீட்டாருக்குச் சேதி தெரிந்த நாளிலிருந்துதான் தீட்டு. சிங்கப்பூரில் பெரியப்பா இறந்து மூன்று மாதம் கழித்துக் கடிதம் வந்தபோது, கடிதம் வந்த நாளிலிருந்துதானே பதினாறு எண்ணினார்கள்? அப்பா சொல்லியிருக்கிறார். நம் வீட்டுக்குச் சேதி தெரிந்த நாள் அக்டோபர் இருபத்து மூன்று. பதினாறாம் நாள் நவம்பர் ஏழு, வெள்ளிக்கிழமை.

ஊருக்கு வருகிறேன். உன் வீட்டுப் பக்கம் வர மாட்டேன். தெற்குத்தெருவில் பூசாரி வீட்டில் தங்குகிறேன்.

உதயா

&nbsp;

வடக்குத்தெரு,
ஆலங்களக்குடி
5 நவம்பர் 2025

தம்பி உதயாவுக்கு,

தெற்குத்தெருவுக்கும் வடக்குத்தெருவுக்கும் நடுவில் ஊருணி ஒன்றுதான். கூப்பிட்டால் கேட்கும். ஆனாலும் பேச மாட்டேன் என்று சொன்னேன் அல்லவா, அதனால் எழுதுகிறேன். தபாலில் போட்டால் கல்லல் போய்ச் சுற்றி வரும். உன் ஜன்னலில் செருகிவிட்டு வரப்போகிறேன்.

திங்கட்கிழமை மாலை பஸ்ஸை விட்டு இறங்கினேன். நிறுத்தத்தில் ஒரே கூட்டம். புளியமரத்தில் ஆள் உயரத்துக்குப் புது பிளக்ஸ். கண்ணீர் அஞ்சலி. யார் போனது? உனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டதோ என்று ஒரு நிமிடம் நினைத்துவிட்டேன், பாவி. கூட்டத்தை விலக்கிப் போய்ப் பார்த்தால் நடுவில் ஒரு முயல். சுற்றிலும் ரோஜாப்பூ, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, காது நிமிர்ந்து நிற்கிறது. நீ பொங்கலுக்கு எடுத்த அதே போட்டோ. காது கிழிசல்கூடத் தெரிகிறது. அன்றைக்கு நீ படம் எடுத்ததும் அதைத்தானா?

'காதறுந்தாள். தோற்றம்: தெரியாது. மறைவு: 27.02.2025. உடன் மறைந்தவை: கண் திறக்காத குட்டிகள் மூன்று. பாரிவேட்டையில் உப்பு வீட்டு உதயகுமாரின் கையால் அடிபட்டு இறந்தாள். பதினாறாம் நாள் காரியம் 7.11.2025 காலை பொட்டலில். இப்படிக்கு, துயரத்தில் வாடும் உப்பு வீட்டார்.'

காரைக்குடியில் எந்தக் கடைக்காரர் உனக்கு இதை அடித்துக் கொடுத்தார்? உன்னை ஏற இறங்கப் பார்க்கவில்லையா?

சிரித்தவர்கள் சிரித்தார்கள். கிழிக்கப் போன ஏகப்பனை அவன் மனைவியே, "சாவு போஸ்டரக் கிழிச்சா குடும்பத்துக்கு ஆகாதுய்யா, கையெடு" என்று சட்டையைப் பிடித்து இழுத்தாள். பிறகு ஒருத்தரும் தொடவில்லை. பஸ்ஸில் போகிறவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்துப் போகிறார்கள். தலையை மொட்டை அடித்துக்கொண்டு நீ டீக்கடையில் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். பார்க்காத மாதிரிப் போனேன்.

நேற்றுக் கூட்டத்துக்கு உன்னை வர விடவில்லை, தீட்டுக்காரன் கோயில் வாசலுக்கு ஆகாது என்று. உப்பு வீட்டில் நானும் ஒருத்தி அல்லவா, அதனால் நானும் ரோட்டில் நின்றேதான் கேட்டேன். அங்கே நடந்ததை உனக்குச் சொல்ல வேண்டும், அதற்குத்தான் இந்தக் கடிதம்.

முத்துவீரன் மாமா கொதித்துப்போயிருந்தார். "மொசலுக்கு ஏதுய்யா தீட்டு? கோழியடிச்சா கருமாதி வைக்கிறோமா? அவனுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சுன்னா ஊருக்குமா?" என்றார். எல்லாரும் பூசாரியைப் பார்த்தார்கள். சின்னக்கண்ணு வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, வாய் கொப்புளித்து, நிதானமாகக் கேட்டார். "அம்பலம், அது சாமி அனுப்புன மொசலுன்னு நீங்கதான சொன்னீக?"

"ஆமா. அதுக்கென்ன?"

"கோழி நம்ம வாங்குனது. இது சாமி அனுப்புன உசுருன்னு ஊரே சொல்லுச்சு. அப்ப அது சாமி வீட்டு உசுரு. சூலியா இருந்தத அடிச்சுட்டேன்னு அடிச்சவனே தல மழிச்சு ஒக்காந்துட்டான். அதுக்குத் தீட்டு இல்லைன்னு எந்த வாயால நான் சொல்றது? சொல்லி நாளைக்கு எம் பிள்ளைகளுக்கு ஒண்ணுன்னா நீங்க வந்து நிப்பீகளா?"

அம்பலம் உட்கார்ந்துவிட்டார். கடைசியில் அவரே, "சரி, ஒரு வருசம். சாவு வீட்டு நெலத்துல சாமி வல எறங்காது, அது முறதான். நானும் தொட்டுக் குடுக்க முடியாது. அடுத்த மாசி வேணாம். அதுக்கு மறுமாசி பாத்துக்கிருவோம்" என்றார்.

சின்னக்கண்ணு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "ஒண்ணுக்கு ஒரு வருசம். வகுத்துல மூணு இருந்துச்சு. போஸ்டர்ல போட்டுருக்கான்ல" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

தாயோடு சேர்த்து நாலு வருடம் உதயா. அப்படி ஒரு முறை உண்டா என்று எனக்குத் தெரியாது. அம்பலத்துக்கும் தெரியவில்லை என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. இது நீயும் பூசாரியும் அவர் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து பேசி வைத்ததா, அவர் மனதில் இருந்து வந்ததா என்று எனக்குச் சொல்ல வேண்டாம். தெரியாமலே இருந்துவிட்டுப் போகிறேன்.

இனி டிராக்டர் விஷயம். கதிரவன் சொன்னபடி இருபத்தேழாம் தேதி ஏழு மணிக்கே வந்துவிட்டான். ஏரையும் இறக்கிவிட்டான். நான் வரப்பில் நின்றேன். 'பொட்டலில் புதைத்தேன்' என்று எழுதினாயே, எங்கே என்று எழுதினாயா? மடையா, நாலு ஏக்கரில் எந்த இடத்தை விட்டு உழுவது? "எங்குட்டு டீச்சர் ஆரம்பிக்கட்டும்?" என்று அவன் மூன்று தடவை கேட்டான். வண்டியைத் திருப்பிக்கொண்டு போகச் சொல்லிவிட்டேன். வேண்டுமென்றேதான் இடத்தை எழுதாமல் விட்டாயோ என்று இப்போது சந்தேகம் வருகிறது. புல் அப்படியேதான் இருக்கிறது. கதிர் விட்டிருக்கிறது.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. டிராயரில் இருந்த தாளை நேற்று எடுத்தேன். பெயரை நீயே ஊர் நடுவில் ஆள் உயரத்துக்கு எழுதி வைத்த பிறகு நான் தனியாக எழுத என்ன இருக்கிறது? வனத்துறைக்காரர்கள் அந்த பிளக்ஸைப் பார்த்துவிட்டு வந்தால் ஓடி ஒளியாதே, முன்னால் போய் நில். கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் நானும் கூட வருகிறேன்.

வெள்ளிக்கிழமை காரியத்துக்கு அந்த இடத்தைக் காட்டு. ஒரு கல் நட வேண்டும், மழைக்குப் பிறகு புல் மூடிவிட்டால் அப்புறம் யாருக்கும் தெரியாது.

காரியம் முடிந்ததும் மொட்டைத் தலையில் மாமன் மச்சான் உருமாத் துணி கட்ட வேண்டுமே, அதை யோசித்தாயா? தாய்மாமன் வீட்டில் யாரும் இல்லை, மச்சான் என்று சொல்லிக்கொள்ளவும் ஆள் இல்லை. போன மாசியில் ஊர் உனக்கு ஒரு துணி கட்டியது. இந்தத் தடவை நான் கட்டுகிறேன். நேற்றே காரைக்குடி போய்ப் புதுத் துண்டு எடுத்துவிட்டேன். பொம்பளை கட்டலாமா என்று எவனாவது கேட்டால், முயலுக்குக் கருமாதி வைக்கிற ஊரில் இதையெல்லாம் கேட்கக் கூடாது என்று சொல்லிவிடு.

வெயிலில் தலையைக் காட்டிக்கொண்டு டீக்கடையில் உட்காராதே.

அன்புள்ள அக்கா,
சித்ரா